கிட்ட வராதம்மா, வைரஸ் ஒட்டிக்கும்

இன்று மதியம் அலுவலகத்தில் அடையாள அட்டையைத் தேடி, கைப்பையை மேசைமேல் கவிழ்த்தேன். கசங்கிய பஸ் டிக்கெட், உடைந்த ஹேர்பின், மூடி இல்லாத பேனா எல்லாவற்றோடும் உன் ரப்பரும் விழுந்தது. ஸ்ட்ராபெரி வாசனை ரப்பர். ஒரு முனை இன்னும் ரோஸ் நிறமாகத்தான் இருக்கிறது. மறுமுனை கம்ப்யூட்டரின் ரேம் பலகையைத் தேய்த்துத் தேய்த்துக் கறுத்துப்போய்க் கிடக்கிறது. எடுத்து முகர்ந்து பார்த்தேன். பக்கத்து இருக்கைப் பெண், "ஸ்கூல் பொண்ணாட்டம் ரப்பர மோந்து பாக்கற?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு கை கழுவும் இடத்துக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

நான் இப்போது சிறுசேரியில் இருக்கிறேன். நீ வேலை பார்த்த கட்டடம் என் ஜன்னலிலிருந்து தெரியும். சாயங்காலம் ஷட்டில் பஸ் வந்து நிற்கும்போது உன்னைப் போலவே பின்னல் போட்ட யாராவது ஒருத்தி ஏறிவிடுகிறாள். அந்த நேரத்தில் ஜன்னல் பக்கம் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டு வருகிறேன்.

நம் பக்கத்துக் கடற்காற்று கம்ப்யூட்டரையும் விட்டுவைக்காது இல்லையா? மழைக்காலம் வந்தால் ரேமின் மஞ்சள் பற்களில் ஒரு படலம் பிடித்துக்கொள்ளும். மெஷின் திரையில் எதையும் காட்டாமல் பீப் பீப் என்று கத்தும். அந்தச் சின்னப் பலகையை உருவி, ரப்பர் போட்டுத் தேய்த்து, ஊதி, மறுபடி சொருகினால் சத்தம் நின்றுவிடும். அதற்குச் சாதாரண ரப்பர் போதும். நீதான் வாசனை ரப்பர் வாங்கினாய்.

"இதுக்கு எதுக்குடி ஸ்ட்ராபெரி?" என்று கேட்டேன்.

"பாவம்டி அது. நாள் பூரா தூசியவே மோந்துகினு கீது. ஒரு நாளாச்சும் நல்ல வாசன வரட்டும்."

உன்னை முதலில் பார்த்தது படூர் பக்கத்தில் நாம் படித்த கல்லூரியில், கம்ப்யூட்டர் லேப் வாசலில். ஏ.சி. போட்ட ஒரே அறை அதுதான். வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கும், கோயில் வாசல் மாதிரி. லேப் அட்டெண்டர் கதவில் நின்றுகொண்டு, "செருப்ப வெளிய வுடுங்க! தூசி வந்தா வைரஸ் வரும்!" என்று கத்திக்கொண்டிருந்தார். நீ ஒற்றைக் காலில் நின்று கொக்கியைக் கழற்றிக்கொண்டே, "அண்ணாத்த, அப்ப வைரஸ் கால்லயா கீது?" என்றாய். வரிசை முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனாலும் செருப்பு வெளியில்தான்.

நான் சும்மா இருப்பேனா? உன் பக்கத்தில் இடம்பிடித்து உட்கார்ந்து, வைரஸ் என்பது யாரோ எழுதிய நிரல், அது ஃப்ளாப்பி வழியாக வரும், ஃபோன் ஒயர் வழியாக வரும், தூசிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று மூச்சுவிடாமல் பேசினேன். நீ எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீ இன்னா, அந்த ஓ.எஸ். கம்பெனிக்கு மருமகளா?" என்றாய்.

அப்போது நான் அப்படித்தான் இருந்தேன். கம்ப்யூட்டரை இயக்கும் அந்த ஓ.எஸ்.ஸுக்குப் புதுப் பதிப்பு வெளிவருகிறது என்றால் எனக்குத் தீபாவளி. என்ன மாற்றியிருக்கிறார்கள், எந்த ஓட்டையை அடைத்திருக்கிறார்கள் என்று வரி விடாமல் படிப்பேன். எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அணுபுரம் குவார்ட்டர்ஸில் அப்பா வாங்கிப்போட்ட கம்ப்யூட்டரை நானே கெடுத்தேன், இணைய மன்றங்களில் முகம் தெரியாதவர்களிடம் கெஞ்சிக் கேட்டு நானே சரிசெய்தேன். டயல்-அப் போட்டால் வீட்டு ஃபோன் வேலை செய்யாது. "ஊர்லேந்து சித்தி கூப்பிடுவாடி, அந்த ஒயரக் கழட்டு" என்று என் அம்மா அடுக்களையிலிருந்து கத்துவாள். கழற்றிவிட்டு, அம்மா குளிக்கப் போனதும் மறுபடி சொருகுவேன். இந்தக் கிறுக்கை ரசித்த ஒரே ஆள் நீதான். ரசித்துக்கொண்டே கிண்டலும் செய்வாய்.

உன் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்த கதையை நீ எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. உன் அம்மா மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு ரிசார்ட்டில் அறை சுத்தம் செய்கிற வேலை பார்த்தார். ரிசப்ஷனில் புது மெஷின் வந்ததும் பழையதைக் கழித்துக் கட்டினார்கள். உன் அம்மா அதைக் கேட்டு வாங்கி, பெட்ஷீட்டில் சுற்றி, ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு பூஞ்சேரி கூட்ரோடு வரைக்கும் வந்தார். ஆட்டோக்காரர், "இன்னாம்மா, கொழந்தையா?" என்று கேட்டாராம். "ஆமாம்பா, எம் பொண்ணோட கொழந்த" என்றாராம் உன் அம்மா. அன்றிலிருந்து உனக்கு நான் வைத்த பெயர் 'பிள்ளை பெத்தவ'.

ஆனால் சுத்தம் செய்கிறவர் கையில் ஈரத்துணி இருக்கத்தானே செய்யும்? வந்த வாரமே கீபோர்டைச் சோப்புத் தண்ணீர் தொட்டுத் துடைத்துவிட்டார். கீபோர்டு போயே போய்விட்டது. அடுத்து மானிட்டரின் பின்பக்கத் துளைகளைத் துடைக்கப் போனவரைப் பார்த்து நீ கத்தியபோது நானும் அங்கே இருந்தேன்.

"யம்மா! கிட்ட வராதம்மா, வைரஸ் ஒட்டிக்கும்!"

அம்மா துணியோடு அப்படியே நின்றுவிட்டார். "இன்னாது?"

"வைரஸ்மா. காலேஜ்லயே செருப்ப வெளிய வுட்டுட்டுத்தான் உள்ள போவோம். கேளு இவள."

என்னைப் பார்த்தார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டினேன்.

"எனுக்கு ஒட்டினா இன்னா ஆவும்?"

"காய்ச்சல் வரும்."

"அப்ப உனுக்கு? நீ நாள் பூரா அதும் மேலதான வுழுந்து கெடக்கற?"

"நாந்தான் அப்டேட் போட்டுக்கறனே! அது ஊசி மாதிரிம்மா. இந்தப் பொட்டிக்கும் போட்டு வுட்டுடுவேன், அதும் முன்னாடி உக்கார்றவங்களுக்கும் ஒண்ணும் ஆவாது."

அம்மா மெதுவாகப் பின்னால் நகர்ந்தார். அதற்குப் பிறகு ஈரத்துணி அந்த மேசைப் பக்கம் போகவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பை வாசலுக்கும் வெளியே, வேப்பமரத்தடியில் விட வேண்டியிருந்தது. குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் கொடுத்த ஓலையைச் சிலுவையாக மடித்து மானிட்டர் தலையில் செருகி வைத்தார். "பாத்தியா, எங்கூட்ல ஆன்டி வைரஸ் போட்டாச்சு" என்று நீ கண்ணடித்தாய். நாம் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பு எங்கே போய் நிற்கப்போகிறது என்று யாருக்குத் தெரியும்?

எக்ஸ்பி என்ற புதுப் பதிப்பு எல்லா வீட்டுக்கும் வந்துவிட்ட காலத்தில், தானாகவே பரவுகிற வைரஸ் ஒன்று, ஒரு புழு, பரவியது, நினைவிருக்கிறதா? ஃபோன் ஒயரைச் சொருகிய உடனே உள்ளே வந்துவிடும். திரையில் ஒரு பெட்டி வரும். ஒரு நிமிடத்தில் கணினி அணைந்துவிடும் என்று சொல்லி, விநாடிகளைக் குறைத்துக்கொண்டே போகும். அணையும், எழும், மறுபடி எண்ண ஆரம்பிக்கும். அணுபுரத்தில் பாதி வீடுகள் அலறின. செங்கல்பட்டில் ஒரு பிரவுசிங் சென்டரில் அந்த ஓட்டையை அடைக்கிற கோப்பை இறக்கி சி.டி.யில் எழுதிக்கொண்டு, நாம் இரண்டு பேரும் பிளாக் பிளாக்காக ஏறி இறங்கினோம்.

எதிர் பிளாக் அங்கிள் கம்ப்யூட்டர் முன்னால் நின்றுகொண்டு, பவர் ஒயரை நாடி பிடிக்கிற மாதிரி பிடித்திருந்தார். "ஆஃப் ஆகப்போகுதும்மா, ஆஃப் ஆகப்போகுது!"

"அங்கிள், அத்த வுடுங்க. அது செத்துச் செத்துப் பொழைக்கும்" என்றாய்.

நான் நாற்காலியில் குதித்து உட்கார்ந்து, ரன் பெட்டியைத் திறந்து, மன்றத்தில் படித்திருந்த ஒரு வரியை அடித்தேன். எண்ணிக்கை நின்றது. முன்னால் இருந்த பெட்டி மறைந்தே போனது. நான் எழுந்து அவர்கள் வீட்டு ஹாலிலேயே ஆடினேன். அங்கிள் கைதட்டினார். நீ ஃபோன் ஒயரைப் பிடுங்கி, சி.டி.யைப் போட்டு, ஓட்டையை அடைத்து, ஃபயர்வாலை ஆன் செய்துவிட்டு, அதற்குப் பிறகுதான் ஒயரை மறுபடி சொருகினாய். இந்த வரிசை மாறினால் எல்லாம் வீண் என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஆடிக்கொண்டிருந்த நான் ஒயரைத்தான் முதலில் சொருகியிருப்பேன்.

"இனிமே வராதாம்மா?" என்றார் அங்கிள்.

"இது வராது அங்கிள். வேற வரும்" என்றாய் நீ.

அவர் முகம் போன போக்கைப் பார்த்து, படி முழுக்கச் சிரித்துக்கொண்டே இறங்கினோம்.

வேடிக்கை என்னவென்றால், உன் வீட்டுக் கிழட்டு மெஷினை அந்தப் புழு தொடவே இல்லை. அதில் இருந்தது எக்ஸ்பிக்கும் முந்தைய பழைய பதிப்பு, தொண்ணூற்றெட்டு. புழு நுழைகிற கதவே அதில் கிடையாது. நான் இதை உன் அம்மாவுக்கு விளக்கப்போனேன். அதற்குள் நீ, "ஓலதாம்மா காப்பாத்திச்சி! அணுபுரத்துல பெரிய பெரிய ஆபீசர் வூட்ல எல்லாம் புடிச்சிக்கிச்சி, நம்ம வூட்டுக்கு வர்ல பாத்தியா" என்றாய். அம்மா ஓலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வெளியே வந்ததும், "ஏன்டி இப்படிப் புளுகற?" என்று கேட்டேன்.

"அது சந்தோசமா கீது இல்ல? வுடு."

பிறகு உனக்கு சிறுசேரியில் வேலை கிடைத்தது. வெளிநாட்டுக்காரர்கள் ஃபோன் செய்து, அப்டேட் பாதியில் நிற்கிறது, திரை நீலமாகிவிட்டது என்று புலம்புவார்கள். நீ பொறுமையாக வழி சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அந்தக் குரலை எனக்கு நடித்துக் காட்டுவாய். "ப்ளீஸ் ஸ்டே ஆன் த லைன், சார்" என்று ஆரம்பித்து, ரிசீவரை மூடிக்கொள்கிற மாதிரி கையை வைத்து, "பேஜாரு புடிச்சவன், ப்ளக்கயே சொருகாம பேசறான்" என்பாய்.

தொண்ணூற்றெட்டுக்கு இனிமேல் அப்டேட் வராது என்ற செய்தியை உனக்குச் சொன்னது நான்தான். துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வந்து சொன்னேன்.

"செத்தா போச்சி? ஓடிக்கினுதான கீது" என்றாய்.

"ஓடும்டி. ஆனா இனிமே யாரும் அதப் பாத்துக்க மாட்டாங்க."

"அதான் எங்கம்மா கீது இல்ல?" என்று சொல்லிவிட்டு, ஆனாலும் உனக்கே மனசு கேட்காமல், அதுவரை வந்த எல்லா அப்டேட்டையும் ஒரே மூச்சில் போட்டுவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தாய். ஐப்பசி மழை. ஃபோன் லைன் நத்தை மாதிரி ஊர்ந்தது. மத்தியானம் தாண்டியும் பாதிதான் முடிந்திருந்தது. பசித்தது. கூட்ரோட்டில் போண்டா தின்றுவிட்டு வரலாம் என்று கிளம்பினோம். "யம்மா, ஊசி ஏறிக்கினு கீது. யாரையும் கிட்ட வுடாத" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாய்.

டீக்கடையில் நிற்கும்போதே இடி இறங்கியது. ஓடி வந்தோம். வீட்டில் மெஷின் இருட்டாக இருந்தது. அம்மா சுவிட்ச் போர்டு பக்கத்தில் நின்றிருந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"இடி இட்ச்சுது பாப்பா. மின்னல் பொட்டில எறங்கிடும்னு நாந்தான் ஆஃப் பண்ணேன். கிட்ட போவல, சுவிட்ச மட்டுந்தான் தொட்டேன்."

நீ தலையில் கைவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாய். உடனே சிரிக்கவும் ஆரம்பித்தாய். "ஐயோ யம்மா! பாதில ஊசியப் புடுங்கிட்டியா!"

அம்மா பதறிப்போனார். "இன்னா ஆவும்?"

"உள்ள இருந்த வைரஸ் எல்லாம் வெளிய வந்துகினு கீது, ஓடு!"

நான் சிரித்தேன். நீ சிரித்தாய். அம்மாவும் சிரித்தார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மெஷினைப் போட்டால் பீப் சத்தம். நீ பெட்டியைத் திறந்தாய். தகரத்தின் ஓரம் கத்தி மாதிரி இருக்கும். உன் ஆள்காட்டி விரலைச் சரியாகக் கிழித்துவிட்டது. இரத்தம் சொட்டியது. அம்மா பழைய புடவையைக் கிழித்துக் கட்டிவிட்டார். அந்தக் கட்டோடுதான் ரேமை உருவி, இந்த ரப்பரால் தேய்த்தாய். பீப் நின்றது. அடுத்தது, பாதியில் எழுதிக் கிழிந்துபோன கோப்புகள். நான் மன்றத்தில் படித்திருந்ததைச் சொல்லச் சொல்ல, நீ சி.டி.யிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாய். மெஷின் எழும்போது திரையில் வரும் அந்தப் பழைய மேகப் படம் வந்தபோது நான் வழக்கம்போல ஆடினேன். மழை விட்டிருந்தது. நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஒன்றைச் சரிசெய்தது அதுதான் கடைசி.

அந்த மாதம் முடிவதற்குள் உனக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் மழைக் காய்ச்சல் என்றார்கள். பிறகு நீ ஆள் அடையாளம் தெரியாமல் என்னை என் அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டாய். செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மயக்கத்தில் திரும்பத் திரும்ப, "ப்ளீஸ் ஸ்டே ஆன் த லைன், ப்ளீஸ் ஸ்டே ஆன் த லைன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். "இன்னா சொல்றா கண்ணு?" என்று அம்மா கேட்டார். "கொஞ்சம் இருங்கன்னு சொல்றாம்மா" என்றேன். "நான் எங்க போவப் போறேன் பாப்பா, இங்கதான் கீறேன்" என்று உன் காதில் சொன்னார். நீ அதற்கும் அதையேதான் பதிலாகச் சொன்னாய்.

நடையில் வைத்து டாக்டர் எங்களிடம் சொன்னார். நல்ல மனிதர், நின்று நிதானமாகத்தான் சொன்னார். "வைரஸ்மா. மூளை வரைக்கும் போயிருக்கு. இதுக்குன்னு தனி மருந்து இல்ல. உடம்பே போராடணும், நாங்க கூட இருந்து பாத்துக்கறோம்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் உன் அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். டாக்டரைப் பார்க்கவில்லை. அந்தப் பார்வை எனக்கு அன்று புரியவில்லை. உன் விரலில் காயம் ஆறி, மெல்லிய கோடாக இருந்தது. அம்மா அந்த விரலைத் தடவிக்கொண்டே இருந்தார். பாசத்தில் தடவுகிறார் என்று நினைத்தேன். இரண்டாவது வாரத்தில் நீ போய்விட்டாய்.

எனக்கு எல்லாவற்றுக்கும் ஒரு வரி தெரியும் என்ற திமிர் இருந்தது இல்லையா? எண்ணிக்கையை நிறுத்த ஒரு வரி, கிழிந்த கோப்பை மீட்க ஒரு வரி. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வண்டியில், உன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. உன்னைத் தெரிந்த நாளிலிருந்து நான் பேசாமல் வந்த ஒரே பயணம்.

முப்பதாம் நாள் பூசை முடிந்த அன்று அம்மா என்னைத் தனியாக அழைத்தார். "நீங்க ரெண்டு பேருந்தான ஊரு வூட்டு வைரஸ எல்லாம் எட்த்துகினு இருந்தீங்க? உன்னை வுட்டுட்டு அவள எப்டிக் கண்ணு புட்ச்சிது?"

நான் விளக்கினேன். அது வேறு, இது வேறு. பெயர்தான் ஒன்று. அது எழுத்து, இது கிருமி. பெட்டியிலிருந்து மனுஷனுக்கு வராது. அம்மா எல்லாவற்றையும் கேட்டு, "செரி கண்ணு" என்றார். புரிந்துவிட்டது என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், லேப் வாசலில் உன்னிடம் பேசிய மாதிரியே மூச்சுவிடாமல் பேசியிருக்கிறேன். ஒரே வித்தியாசம், அம்மா கிண்டல் செய்யவில்லை.

உன் மெஷினை அம்மா யாருக்கும் கொடுக்கவில்லை. ரிசார்ட் பெட்ஷீட் போர்த்தி அங்கேயே இருக்கிறது. ஓலைச் சிலுவையை ஒவ்வொரு குருத்தோலை ஞாயிறும் மாற்றுகிறார். மாதத்துக்கு ஒரு ஞாயிறு நான் போகிறேன். செருப்பை வேப்பமரத்தடியில் விடுகிறேன். மீன்குழம்பும் சோறும் போட்டுவிட்டு, "ஊசி போட்டுட்டுப் போ கண்ணு" என்பார். நானும் மெஷினைப் போட்டு, லைனைச் சேர்த்து, அப்டேட் பக்கத்தைத் திறப்பேன். இந்தப் பதிப்புக்கு இனி எதுவும் கிடையாது என்று அந்தப் பக்கம் ஆங்கிலத்தில் சொல்லும். அம்மாவுக்கு அதைப் படிக்கத் தெரியாது. மகள் நினைவாகக் கேட்கிறார், இருக்கட்டும் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன்.

போன ஞாயிறும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். மத்தியானமே வானம் இருண்டது. மாமல்லபுரம் பக்கமிருந்து இடி உருண்டு வந்தது. நான் இயல்பாக, "ஆஃப் பண்ணிடலாம்மா, இடிக்குது" என்று எழுந்தேன்.

"வாணாம்!"

அம்மா அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. வாசலில் இருந்து ஓடிவந்து, சுவிட்ச் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார். மூச்சு வாங்கியது.

"அன்னிக்கு நாந்தான் கண்ணு ஆஃப் பண்ணேன்."

"எதம்மா?"

"ஊசி ஏறிக்கினு இருந்திச்சி. நாந்தான் பாதில புடுங்கிட்டேன். உள்ள இருந்ததெல்லாம் வெளிய வந்துடுச்சின்னு பாப்பாவே சொன்னா. அப்பறம் அந்தத் தகரம் வெரல கீச்சிச்சி. அந்த வழியாத்தான் உள்ள பூந்துகிச்சி. டாக்டரும் அதே பேரத்தான சொன்னாரு?"

எத்தனை நாளாக இதைச் சுமந்துகொண்டு அறை அறையாகத் தரை துடைத்திருக்கிறார்? எனக்குச் சோறு போட்டிருக்கிறார்? நான் அம்மாவின் காலடியில் உட்கார்ந்தேன். அவசரப்படாமல் சொன்னேன். நீங்கள் ஈரத்துணியோடு வந்து மெஷினைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காக அவள் விளையாட்டாகச் சொன்ன பொய் அது. ஒட்டிக்கும் என்பது பொய். காய்ச்சல் வரும் என்பது பொய். ஓலை காப்பாற்றியது பொய். பாதி ஊசி என்பதும் பொய். நாங்கள் இரண்டு பேரும் வெளியே போய்ச் சிரிப்போம், நானும்தான் சிரித்தேன். உங்கள் கையால் ஒன்றும் ஆகவில்லை அம்மா, சத்தியமாக ஒன்றும் ஆகவில்லை.

மழை ஓட்டின் மேல் கொட்டியது. அம்மா இன்னொரு கையால் என் தலையைத் தடவினார்.

"நீ நல்ல பொண்ணு கண்ணு. எனுக்காவ அவளப் பொய்க்காரி ஆக்காத."

நீ இருந்திருந்தால் இதற்கு என்ன சொல்லியிருப்பாய்? ஏதாவது ஒன்று சொல்லி அம்மாவைச் சிரிக்க வைத்திருப்பாய். உன் பேச்சை நம்புவதைத் தவிர அவரிடம் உன்னுடையது என்று வேறு எதுவும் மிச்சமில்லை. அதைப் பிடுங்கினால்தான் அவருக்கு விடுதலை. அவர் கொடுக்க மாட்டார். உன்னைப் பொய்க்காரியாக்குவதைவிட, தன்னையே உன்னைக் கொன்றவளாக வைத்துக்கொள்வது அவருக்கு எளிதாக இருக்கிறது. மன்றங்களில் எத்தனையோ பேருக்குப் பதில் எழுதியிருக்கிறேன். இதை எந்தத் தலைப்பில் போட்டு யாரிடம் கேட்பேன்?

"ஓடுதா கண்ணு?" என்றார், சுவிட்சிலிருந்து கையை எடுக்காமல்.

திரையில் அந்த ஒரே வரி நின்றது. இனி எதுவும் கிடையாது.

"ஓடிக்கினு இருக்கும்மா" என்றேன்.

என் வாயில் உன் பேச்சு வந்ததை அவர் கவனித்தாரா, தெரியவில்லை. கை வலிக்கும், உட்காருங்கள் என்றேன். கேட்கவில்லை. ஒவ்வொரு இடிக்கும் கையை இன்னும் அழுத்தினார். சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்த அந்த விரல்கள் சுவிட்சை விடவில்லை. 'முடிஞ்சுதும்மா, கைய எடுங்க' என்று சொல்ல வேண்டியவள் நான்தான். என்ன முடிந்தது என்று சொல்வேன்? மழை விடும்வரை, ஓடாத ஒன்றைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். அவர் நின்றுகொண்டிருந்தார்.

இன்று மேசைக்குத் திரும்பி வந்ததும் ரப்பரைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டேன். வாசனை முக்கால்வாசி போய்விட்டது. ஐப்பசி பிறந்துவிட்டது. அடுத்த முறை போகும்போதும் வானம் இருண்டுதான் இருக்கும். செருப்பை வேப்பமரத்தடியில் விட்டுவிட்டு உள்ளே போவேன். நான் மெஷினைப் போடும் முன்பே அம்மா சுவிட்ச் பக்கத்தில் போய் நின்றுகொள்வார்.